சிவப்பு டேங்கில் மிச்சமிருந்தது

எங்கள் கம்பெனியில் மருந்து அடிக்கும் டேங்குகள் இரண்டு. ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். டிராக்டருக்குப் பின்னால் இழுத்துப் போகிற பெரிய டேங்குகள். நீளமான ஹோஸ், அதன் முனையில் துப்பாக்கி போல ஒரு கைப்பிடி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெயிண்டரை வரவழைத்து அந்த நிறங்களைப் பூசச் சொன்னது நான்தான். சிவப்பில் லானுக்கு அடிக்கும் களைக்கொல்லி மட்டும். நீலத்தில் பூச்சி மருந்து, பூஞ்சை மருந்து, உரக் கரைசல். சிவப்பு டேங்க் நீலத்தின் வேலைக்கு ஒருநாளும் போகக் கூடாது. இதை ஷெட் சுவரில் தமிழிலும் தெலுங்கிலும் எழுதி வைத்தேன். படிக்கத் தெரியாதவர் எங்கள் ஷெட்டில் யாரும் இல்லை. படித்துவிட்டுத்தான் மேனேஜர் அதைச் செய்தார்.

அதெல்லாம் முடிந்துபோன விஷயம் என்று சபையில் சொல்கிறார்கள். போதகர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். செய்யும்போது என் பக்கம் பார்க்காமலிருக்க ரொம்பச் சிரமப்பட்டார். நான் கவனமாகக் கேட்டேன். மனம் மாறவில்லை.

நான் வனவியல் படித்தவள். திருப்பதியில் இந்தக் கம்பெனிக்கு இரண்டு விதமான வேலை. அலிபிரி சாலையில் இருக்கும் ஹோட்டல்கள், கல்யாண மண்டபங்களின் லானைப் பராமரிப்பது ஒன்று. நாகலாபுரம் பக்கத்துச் சரிவுகளில் தனியார் வளர்க்கும் செம்மரத் தோட்டங்களைப் பார்த்துக்கொள்வது இன்னொன்று. இரண்டிலும் களை எடுப்பதுதான் பெரிய செலவு, இரண்டிலும் ஆள் கிடைப்பதில்லை. ஆகவே இரண்டிலும் மருந்து. ஆனால் ஒரே மருந்து அல்ல.

லானில் அடிப்பது அகன்ற இலை உள்ள களைகளைக் கொல்லும், புல்லை விட்டுவிடும். செம்மரத் தோட்டத்தில் அடிப்பது நேர் எதிர். புல்லைக் கொல்லும், அகன்ற இலை உள்ள மரக்கன்றை விட்டுவிடும். எதைக் கொல்ல வேண்டும், எதை விட வேண்டும் என்று மருந்துக்கே தெரியும் என்று ஆட்கள் நினைத்துக்கொள்கிறார்கள். மருந்துக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியது அடிக்கிறவனுக்கு. லான் மருந்தில் ஒரு துளி கன்றின் மேல் பட்டால் போதும், குருத்து முறுக்கிக்கொள்ளும். அதனால் காற்று வீசும்போது அடிப்பதில்லை. வெயில் ஏறிவிட்டால் அது ஆவியாகிப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போகும் என்பதால் காலையிலேயே முடித்துவிடுவேன். கையுறை, பூட்ஸ், கண்ணாடி இல்லாமல் யாரையும் மூடியைத் திறக்க விடமாட்டேன். லான் காயும் வரை கயிறு கட்டி வைப்பேன். கல்யாணத்துக்கு வந்த குழந்தைகள் அதில் உருள ஆசைப்படும். செம்மரச் சரிவில் டேங்க் ஏறாது, அங்கே முதுகில் மாட்டும் ஸ்ப்ரேயர்தான், முனையில் மருந்து சிதறாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் கூம்பு. "மேடம் ஆஸ்பத்திரி நடத்துறாங்க" என்று ஆட்கள் சொல்வார்கள். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

மேனேஜருக்கு இதெல்லாம் நேர விரயம். அவர் எங்கள் சித்தூர் சபையில் கமிட்டி மெம்பர். ஆபீஸில் எனக்கு அவர் சார், சர்ச்சில் அங்கிள். வருஷா வருஷம் அறுப்பின் பண்டிகை ஏலத்தை விடுவது அவர்தான். நல்ல குரல், நல்ல நகைச்சுவை. சபையார் கொண்டுவரும் பூசணி, வாழைத்தார், கோழி, கேக் எதுவானாலும் அவர் தூக்கிக் காட்டினால் விலை ஏறிவிடும். சின்ன வயதில் நானும் முன்வரிசையில் உட்கார்ந்து அவருக்குக் கை தட்டியிருக்கிறேன்.

என் நைனா பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுப் பணத்தில் பங்காருபாளையத்தில் ஒரு மாந்தோப்பு வாங்கினார். பாதி பெரிய மரங்கள், பாதி அவரே நட்ட கன்றுகள். கன்றுகளைச் சுற்றிப் புல் ஆளுயரம் வளர்ந்து நின்றது. டிராக்டர் விட்டு உழுதால் மேல்வேர் அறுகிறது என்று நான் பல தடவை சொல்லிப் பார்த்தேன். கடைசியில் ஒருநாள் மருந்துக்குச் சம்மதித்தார்.

"என் கண்ணு முன்னால அடி. நான் பாத்துக்கினே இருப்பேன்."

"பாருங்க நைனா. ஆனா பூட்ஸ் போட்டுக்கினு பாருங்க."

டிப்போ பூட்ஸைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு என் பின்னாலேயே வந்தார். புல்லுக்கான மருந்தை, கூம்பு மாட்டிய ஸ்ப்ரேயரால், கன்றின் தண்டிலிருந்து தள்ளி அடித்தேன். சில நாட்களில் புல் மஞ்சளாகிப் படுத்தது. கன்றுகள் அப்படியே பச்சையாக நின்றன. அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நைனா படிக்கட்டில் நின்றுகொண்டு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். "புல்லு மட்டும் செத்துச்சி, செடிக்கு ஒரு கீறல் இல்ல. என் பொண்ணு அடிச்சது." மேனேஜரும் கேட்டார். "பரவால்லியே பாப்பா" என்று என் தோளைத் தட்டினார்.

அதற்குப் பிறகு பூ விட்டது. பங்காருபாளையத்தில் மாம்பூ விடும் காலத்தில் டிராக்டர் டேங்குக்கு வரும் கிராக்கியை வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். எல்லாத் தோப்பிலும் ஒரே சமயத்தில் தத்துப்பூச்சி வரும், எல்லோருக்கும் ஒரே நாளில் மருந்து அடிக்க வேண்டும். டேங்க் ஒரு தோப்பு முடித்து அடுத்த தோப்பு, அடுத்த ஊர் என்று ஓடிக்கொண்டே இருக்கும். முந்தின தோப்பில் அதில் என்ன கரைத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. எல்லாம் மாமரத்துக்கு அடிக்கும் மருந்துதானே என்று ஒரு நம்பிக்கை. அந்தப் பருவத்தில் கம்பெனி டேங்குகளை மேனேஜர் வெளியே வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். நான் நாகலாபுரம் சரிவில் இருந்தேன், எனக்குத் தெரியாது. நீலம் ஏற்கெனவே எங்கோ போயிருந்தது. நைனா போன் செய்து கேட்டபோது மேனேஜர் சிவப்பை அனுப்பினார். அதற்கு முதல் நாள்தான் அது அலிபிரி சாலையில் ஒரு ஹோட்டல் லானில் களை மருந்து அடித்துவிட்டு வந்திருந்தது.

நான் வந்து பார்த்தபோது தோப்பு முழுக்கப் பூங்கொத்துகள் முறுக்கிய கயிறு போலத் தொங்கிக்கொண்டிருந்தன. கன்றுகளின் குருத்திலை ஒவ்வொன்றும் கீழ்நோக்கிச் சுருண்டிருந்தது. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. படிக்கும்போது இதே படத்தைப் பரீட்சைக்கு வரைந்திருக்கிறேன்.

நைனா ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை.

"யார் டேங்க் நைனா வந்துச்சி?"

"யார் டேங்க் வந்தா இன்னா? உன் மருந்துதான் வேல செஞ்சிட்டு கீதே."

"என் மருந்தா?"

"அங்கிள் சொன்னாரு. புல்லு மருந்து வேர்ல எறங்கி, பூ வுடுற நேரத்துல மேல ஏறிச்சாம். பொண்ணு சின்னப் பொண்ணு, தெரியாம பண்ணிட்டா, திட்டாதீங்கன்னும் சொன்னாரு."

திட்டாதீங்க என்றாராம். அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் இவ்வளவும் செய்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

அது வேறு மருந்து, மாமரத்தை ஒன்றும் செய்யாது, சிவப்பு டேங்கில் போன மிச்சம்தான் இது என்று சொன்னேன். நைனா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அவர் ஏழு தடவ கழுவி அனுப்பிச்சேன்றாரு. பைபிள் மேல கை வெச்சி சொல்றாரு. நீ எத்த மேல கை வெச்சி சொல்லுவ?" என்றார். பிறகு, "இனிமே தோப்புப் பக்கம் வராத" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அவர் சத்தம் போட்டிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன்.

சித்தூர் மண்டியில் அந்தக் கதை எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. படித்த பெண், சொந்த அப்பன் தோப்பையே கருக்கிவிட்டாள். எங்களிடம் மருந்து யோசனை கேட்க வரும் விவசாயிகள் என் மேஜையைத் தாண்டி மேனேஜர் மேஜைக்குப் போனார்கள்.

என்ன செய்யலாம் என்று வரிசையாக யோசித்துப் பார்த்தேன். திருப்பதியில் மேனேஜர் வீட்டு முன்னால் ஒரு சின்ன லான் உண்டு, ஓரத்தில் ரோஜாக்கள். அவர் மனைவியின் பெருமை அது. அந்த லானும் ரோஜாவும் எந்த மருந்துக்கு எத்தனை நாளில் எப்படிச் சாகும் என்று எனக்குத் தெரியும். ஒரு சாயங்காலம் அந்தத் தெரு வழியாக ஸ்கூட்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன் என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் அப்படிச் செய்தால் அவர் சொன்னது உண்மையாகிவிடும். மருந்தை வைத்துத் தப்புச் செய்கிற பெண் என்று ஆகிவிடுவேன். எனக்கு வேண்டியது ரோஜா அல்ல. நைனாவுக்கு முன்னால் அந்த ஏழு தடவை பொய்யாக வேண்டும்.

ஷெட்டுக்குப் போனேன். சிவப்பு டேங்க் தோப்பிலிருந்து வந்தபடியே நின்றிருந்தது. டிரைவரிடம் கேட்டேன்.

"தோப்புக்குப் போறதுக்கு முன்னால கழுவினீங்களாண்ணா?"

"கடிகாம் மேடம். நீள்ளதோ. ஒகசாரி."

தண்ணீர் விட்டு, ஒரே ஒரு தடவை. அவர் கள்ளம் இல்லாமல் சொன்னார். ஏழு என்று சொல்ல வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அந்த மருந்து வெறும் தண்ணீருக்குப் போகாது. ஹோஸின் ரப்பரிலும் ஃபில்டரின் வலையிலும் ஒட்டிக்கொள்ளும். அம்மோனியா கலந்த தண்ணீரை நிரப்பி ஊறவிட்டு, ஃபில்டரையும் முனையையும் கழற்றித் தனியாகக் கழுவி, மறுபடியும் நல்ல தண்ணீர் ஓட்ட வேண்டும். ஹோஸை இறக்கி, உள்ளே நின்றிருந்த மிச்சத்தை ஒரு கேனில் பிடித்தேன். பினாயில் போல ஒரு வாடை வந்தது.

அந்த மருந்தைக் கண்டுபிடிக்கத் தக்காளியைவிட நல்ல கருவி கிடையாது. மதனப்பள்ளி நர்சரி நாற்றுகளை வாங்கிச் சிறு தொட்டிகளில் நட்டேன். பாதித் தொட்டிகளுக்கு சிவப்பு டேங்கின் மிச்சம். மீதிக்கு, நைனா அடித்த அதே பூச்சி மருந்தை நீல டேங்க் ஹோஸ் வழியாக. பூச்சி மருந்தால் சுருண்டது என்று சொல்ல நான் யாருக்கும் வழி விடக் கூடாது. தொட்டிகளின் அடியில் சிவப்பு, நீலம் என்று புள்ளி வைத்தேன். பிறகு அவற்றை ஆபீஸ் ஜன்னலில், மேனேஜர் நாற்காலிக்குப் பின்னாலேயே வைத்தேன்.

"என்ன பாப்பா, ஆபீஸ்லயே தோட்டமா?"

"தக்காளி சார். சும்மா."

"நல்லது, நல்லது. சாம்பாருக்கு ஆச்சி."

அவர் குடித்த மிச்சத் தண்ணீரைக்கூட அதில் ஊற்றினார். நான் என் மேஜையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாரம் நான் எவ்வளவு சந்தோஷமாக வேலைக்குப் போனேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். முதலில் குருத்து லேசாகத் தலை குனிந்தது. பிறகு காம்புகள் முறுக்கிக்கொண்டன. இலை ஒவ்வொன்றும் ஓரம் மடிந்து குறுகி, நகம் போல ஆனது. பக்கத்தில் நீலப்புள்ளித் தொட்டிகள் நிமிர்ந்து, மொட்டு வைத்தன.

ஒரு காலை அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு அவற்றைப் பார்த்தார்.

"பாப்பா, இதுக்கு வைரஸ் வந்துட்ட மாதிரி கீது."

"அப்படியா சார்? ஒட்டிக்கினு நிக்கிற தொட்டிக்கு மட்டும் ஏன் வரல?"

அவர் குனிந்து பார்த்தார். தொட்டியைத் தூக்கினார். அடியில் சிவப்புப் புள்ளி. அதைத் திரும்பச் சரியாக வைக்க இரண்டு தடவை முயன்றார். அன்று முழுக்க அவர் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் அவர் ஏதாவது பதில் சொல்லிவிடுவார்.

சாயங்காலம் என் மேஜைக்கு வந்தார்.

"அந்தத் தொட்டிய எடுத்துடுமா. நமக்குள்ள எதுக்கு? நைனாகிட்ட நானே பேசிக்கிறேன்."

"எப்ப சார் பேசுவீங்க?"

"பண்டிகை முடியட்டும். இப்ப சபையில எல்லாம் சந்தோஷமா இருக்கிற நேரம்."

"சரி சார்" என்றேன். தொட்டிகளை எடுத்தேன். வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மாவிடம் மட்டும், பண்டிகைக்கு இந்த வருஷம் நான் காணிக்கை கொண்டுவருகிறேன் என்று சொன்னேன்.

அறுப்பின் பண்டிகை அன்று சர்ச் காம்பவுண்டில் ஷாமியானா. பீடத்திலிருந்து இறக்கிய காணிக்கைகளை நீள மேஜைகளில் அடுக்கியிருந்தார்கள். நைனா கடைசி வரிசையில், டிப்போ நண்பர் ஒருவரோடு. மேனேஜர் மைக்கைப் பிடித்தார்.

"பாருங்க, பாருங்க, இந்தப் பூசணிக்காய! எங்க வீட்டம்மா மாதிரியே கீது, ஒருத்தனால தூக்க முடியாது. இடுப்பு புடிச்சிக்கினா நான் பொறுப்பு இல்ல! ஒரு தரம்!"

சிரிப்பு. பூசணி போனது, சேவல் போனது, முறுக்கு டின் போனது. அடுத்து மேஜையில் என் இரண்டு தொட்டிகள். ஒன்று நிமிர்ந்தது, ஒன்று முறுக்கியது. அவர் கை அவற்றைத் தாண்டி வாழைத்தாருக்குப் போனது.

"அங்கிள், அது வுட்டுட்டீங்களே" என்றேன்.

"அது… காஞ்ச செடிம்மா. காணிக்கைக்கு வேணாம்."

"காயல அங்கிள். உசுரோடதான் கீது. ரெண்டும் ஒரே நாள் நட்டது. நீங்கதான் எல்லாத்தையும் நல்லா எடுத்துச் சொல்வீங்க. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு சொல்லி ஏலம் விடுங்க."

பெண்கள் பக்கத்திலிருந்து, "தூக்கிக் காட்டுங்க, தெரியல!" என்று ஒரு குரல். அவர் தூக்கினார். வேறு வழியில்லை, தூக்கிக் காட்டச் சொல்லிக் கேட்க அந்தக் கூட்டத்தைப் பழக்கியது அவரே. முறுக்கிய தக்காளி மைக்குக்குப் பக்கத்தில் நின்றது. அவரிடமிருந்து ஒரு நகைச்சுவையும் வரவில்லை.

"இது சிவப்பு டேங்க்ல நின்ன தண்ணி ஊத்தினது" என்றேன். மைக் இல்லாமலே கேட்டது. "லானுக்குக் களை மருந்து அடிக்கிற டேங்க். அதான் எங்க தோப்புக்கு வந்துச்சி."

"அந்த டேங்க்கா?" என்று பங்காருபாளையத்துக்காரர் ஒருவர் எழுந்தார். "எங்க தோப்புக்கும் அதானே வந்துச்சி. பூ கருகுற நோய்னு நெனச்சிக்கினு இருந்தேன். இதே மாதிரிதான் சுருட்டிக்கினு கீது."

"நான் ஏழு தடவ கழுவித்தான்…" என்றார் மேனேஜர்.

அப்போது நைனா எழுந்து வந்தார். வரிசைகளுக்கு நடுவே மெதுவாக, டிப்போவில் எஞ்சினைக் கேட்கிறவர் போலத் தலையைச் சாய்த்துக்கொண்டு. முறுக்கிய தொட்டியை மேனேஜர் கையிலிருந்து வாங்கினார். குருத்தை விரலால் நிமிர்த்திப் பார்த்தார். அது திரும்பச் சுருண்டது.

"ஹோஸக் கழட்டினியா?"

"ஐயா…"

"ஃபில்டரக் கழட்டினியா? அத்தச் சொல்லு. எத்தன தடவன்னு நான் கேக்கல. கழட்டினியா?"

மைக்கில் மேனேஜரின் மூச்சு மட்டும் கேட்டது. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. வேண்டும் என்கிறபோது எடுத்துக் கேட்டுக்கொள்வேன்.

நைனா அந்தத் தொட்டியை ஏலத்தில் எடுத்தார். அவருக்கு மேல் விலை கேட்க யாரும் இல்லை. ஸ்கூட்டியில் என் பின்னால் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கேட்டில் இறங்கும்போது, "நாளைக்குத் தோப்புக்கு வா. எந்தக் கெளைய வெட்டணும், எத்த வுடணும்னு சொல்லு" என்றார். உள்ளே போய், டிப்போ பூட்ஸைத் துடைத்து வாசலில் வைத்தார். அதற்கு மேல் அவரிடம் நான் எதிர்பார்க்கவில்லை. பெரிய மரங்கள் தேறிவிட்டன. கன்றுகளில் சில தேறவில்லை.

கம்பெனி முதலாளி விசாரித்தார். மேனேஜரை வேலையை விட்டு எடுக்கட்டுமா என்று என்னையே கேட்டார். வேண்டாம் என்றேன். எல்லோரும் அதைப் பெருந்தன்மை என்று நினைத்தார்கள், போதகர் உட்பட. எடுத்திருந்தால் அவர் வேறு ஊருக்குப் போய் வேறு ஏலம் விட்டுக்கொண்டிருப்பார். மருந்து, டேங்க், ஷெட் எல்லாம் என் பொறுப்பில் வர வேண்டும், அவர் அதே ஷெட்டில் இருக்க வேண்டும், அது போதும் என்றேன்.

இப்போது லான் வேலை முடிந்து சிவப்பு டேங்க் ஷெட்டுக்கு வரும்போதெல்லாம் அதைக் கழுவுவது அவர். கையுறை, பூட்ஸ், கண்ணாடி. அம்மோனியாத் தண்ணீர் நிரப்பி ஊறவிட வேண்டும், ஃபில்டரைக் கழற்ற வேண்டும், முனையைக் கழற்ற வேண்டும், ஹோஸ் வழியாகக் கடைசிச் சொட்டு வரை ஓட்ட வேண்டும். அந்தத் தண்ணீரை நான் ஒரு தக்காளித் தொட்டியில் ஊற்றிப் பார்ப்பேன். அது சுருளாமல் நின்றால்தான் டேங்க் வெளியே போகும்.

போன வாரம் நல்ல வெயில். கண்ணாடிக்குள் வியர்வை இறங்க, அவர் ஹோஸை உதறிக்கொண்டு நின்றார்.

"போதுமாம்மா?"

ஹோஸ் முனையில் மூக்கை வைத்துப் பார்த்தேன். வாடை இல்லை. சுத்தமாகத்தான் இருந்தது.

"இன்னொரு தடவ கழுவிடுங்க அங்கிள்" என்றேன்.